சாய்ந்தமருதில் இரண்டு குடும்பங்களைத் தேடி

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை பஸ் நிலையத்தில் கால் வைத்தபோதே எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. முழங்காலை மடக்க இடமில்லாத இருக்கை, தலைக்கு மேலேயே ஒரு ஒலிபெருக்கி, பக்கத்தில் என் தோளைத் தலையணையாக்கித் தூங்கிய ஒரு பெரியவர். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் போன் அடித்தது. சென்னையிலிருந்து எங்கள் தேர்வுக் குழுத் தலைவர்.

"போய்ச் சேர்ந்தாச்சா? அந்த ரெண்டு குடும்பத்தையும் பார்த்தாச்சா?"

"இப்பதான் சார் இறங்கறேன்."

"சரி சரி. பார்த்ததும் பேசுங்க" என்று வைத்துவிட்டார். அவருக்கும் பொறுமை கிடையாது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மற்றவர்களுக்குத்தான் நிதானத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

நான் மதுரையில் தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லும் வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம், வருடா வருடம் ஒரு குடும்ப ஆலோசகருக்கு விருது கொடுக்கிறது. விருதோடு சேர்த்து, சென்னையில் மூத்தவர்களிடம் ஒரு வருடம் பயிற்சி பெற உதவித்தொகையும் உண்டு. இந்த முறை இலங்கையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தோம். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களில் ஒருவர் கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதைச் சேர்ந்த நபீலா. விதிப்படி ஒருவர் நேரில் போய், அவரால் பயன் அடைந்த இரண்டு குடும்பங்களையாவது சந்தித்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். பணம் கொடுக்கிறவர்களுக்கு அதை மேடையில் போட்டுக் காட்ட வேண்டுமாம். போக ஆள் தேடினார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாதவள் என்று பெயர் எடுத்திருப்பதால் நான் மாட்டிக்கொண்டேன்.

நபீலா கறுப்பு அபாயாவில், ஸ்கூட்டியின் மேல் சாய்ந்தபடி எனக்காகக் காத்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, பெரிய கண்கள், சட்டென்று வந்து சட்டென்று மறையும் சிரிப்பு. என் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "நான் முன்னுக்குப் போறன், நீங்க பின்னால வாங்க மெடம்" என்று சொல்லிப் பறந்தார். பிரதான வீதி முழுக்க அப்படிப் பறக்கும் அபாயாக்கள்தான். மதுரையில் பெண்கள் வண்டி ஓட்டுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை அரிசி என்று ஒரு கையால் ஓட்டுகிறவர்களை இங்கேதான் பார்த்தேன்.

அவர் வீடு கடற்கரைக்குப் போகும் குறுக்குத் தெருவில் இருந்தது. இந்த ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டில் தாளிப்பது நம் சட்டியில் தாளிப்பது போல மணக்கிறது. அங்கே ஒருவர் இருமினால் இங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அன்றைய பகல் சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் வயிறு நிறைகிறது. தேங்காய்ப் பால் விட்டுக் காய்ச்சிய மீன் ஆணம், பொரித்த சூடை மீன், மாசிக் கருவாட்டுச் சம்பல், கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போல அவ்வளவு இறுக்கம். நபீலாவின் கணவர் அன்சார், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், என் தட்டைக் காலியாக விடக் கூடாது என்று சபதம் எடுத்தவர் போல நின்றார்.

"மெடம், நீங்க இவ்வளவு கொஞ்சமாச் சாப்பிடுறதப் பாத்தா எங்களுக்கு விருது கிடைக்கிற மாதிரித் தெரியல்ல" என்றார்.

சாப்பாட்டுக்குப் பின் நான் விஷயத்துக்கு வந்தேன். அந்த இரண்டு குடும்பங்கள்?

நபீலா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கிப் பாப்பம் மெடம். இண்டைக்கி களைப்பாறுங்க."

*

அடுத்த நாள் காலை அவருடைய அறைக்குப் போனோம். ஒரு தொண்டு அமைப்பு அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்த இடம் அது. பிரதான வீதியில், முதல் மாடியில், பெரிய பலகை: 'குடும்ப உளவளத்துணை நிலையம்'. நாங்கள் கவுன்சலிங் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டதை இவர்கள் உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. அறை பிடிக்கவில்லை. நாற்காலிகளின் மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மேசை மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, திறக்காமல். எங்கள் அறைகளில் வேகமாகத் தீர்ந்துபோகும் பொருள் அதுதான்.

நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் படியேறவில்லை. கீழே லாரிகள் போயின, மீன்காரர் கூவிக்கொண்டு போனார், பள்ளிவாசலிலிருந்து யாரோ இறந்துபோன ஜனாஸா அறிவிப்பு வந்தது. நான் மூன்று முறை எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தேன்.

"எப்பவும் இப்படியா?"

"சில நாளைக்கி ஆக்கள் வருவாங்க" என்றார் நபீலா, என்னைப் பார்க்காமல்.

மதியத்துக்குச் சற்று முன் அவருக்கு ஒரு போன் வந்தது. முகம் மாறியது. "எனக்கொரு வேலை இரிக்கி மெடம். நீங்க வீட்ட போய்ச் சாப்பிடுங்க, நான் சுணங்கித்தான் வருவன்" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அறைக்கு நேர் எதிரே ஒரு தேநீர்க் கடை. போய் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டேன். எங்கள் ஊரில் இரண்டு பேருக்கு ஊற்றுவதை இங்கே ஒரு கோப்பையில் தருகிறார்கள். சீனி மட்டும் மூன்று பேருக்கு. பக்கத்து மேசையில் இரண்டு ஆண்கள் மாலுபாண் என்கிற மீன் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு என்னையும் மேலே இருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஆரைத் தேடி வந்த நீங்க?" என்றார் ஒருவர்.

"அந்த நிலையத்துக்கு. அங்கே யாராவது வருவாங்களா?"

"ஆர் போற? போனா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும், இன்னார்ட வீட்டுல புருசன் பொஞ்சாதி சண்டையாம் எண்டு. இந்தக் கடையில இருந்து பாத்தா படியேறுற ஆக்கள் முழுக்கத் தெரியும்."

மற்றவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எனக்குக் கேட்டது. "புள்ள குட்டி இல்லாத ஆள். அவ எங்கட குடும்பத்துக்கு என்ன சொல்லித் தரப் போறா?"

அந்த வீட்டில் குழந்தைகள் இல்லாததை நானும் கவனித்திருந்தேன். அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விண்ணப்பத்தில் எழுதியிருந்ததெல்லாம் பொய்யா? எத்தனையோ தம்பதிகளைப் பற்றி, பெயர் சொல்லாமல், அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தார். கற்பனையாக அப்படி எழுத முடியுமா? முடியும். எனக்கு அப்படி எழுதக்கூடிய சிலரைத் தெரியும். வீட்டில் படுக்க முடியாமல், கையில் கிடைத்த அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஓடுகிற ஒன்றில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கோயில் மணி, கொஞ்ச நேரத்தில் பாங்கு, மறுபடி கோயில், மறுபடி பள்ளிவாசல். ஊர்களின் எல்லையைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். மேற்குப் பக்கம் அறுவடைக்கு நிற்கும் வயல்வெளி. இங்கே அதை வட்டை என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். "கோவிச்சிக்கிட்டு உம்மாட வீட்ட போயிட்டான். மகள் இருந்து அழுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் சண்டை வந்தால் பெண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போவாள். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் அவர்தான். கல்யாணம் கட்டிய வீடு ஒரு பக்கம், பிறந்த வீடு ஒரு பக்கம் என்று நிற்கிற ஆண்களை எங்கள் புத்தகங்கள் எதிலும் நான் படித்ததில்லை. இதை நபீலாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உடனே, அவரை நம்பவே இல்லையே, எதைக் கேட்பது என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் கண்ணாடி மூக்கிலிருந்து பறந்து இருக்கைகளுக்கு நடுவே விழுந்தது. நின்றுகொண்டு வந்த யாரோ சமநிலைக்காக ஒரு காலை எடுத்து வைத்தார், நேராக அதன் மேல். பஸ் முழுக்க எனக்காக இரக்கப்பட்டது. கண்டக்டர் துண்டுகளைப் பொறுக்கி ஒரு டிக்கெட் தாளில் சுற்றிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு மேல் எனக்கு எல்லாம் கலங்கிய தண்ணீர்தான். அக்கரைப்பற்றை அப்படியேதான் பார்த்தேன். நிறங்களும் சத்தமுமாக ஒரு சந்தை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

*

மறுநாள் நபீலா, நிந்தவூரில் ஒரு கல்யாண வீடு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். குடும்பங்கள்? "பின்னேரம் கதைப்பம் மெடம்." குழுத் தலைவர் அதற்குள் இரண்டு முறை பேசிவிட்டார். நான் ஆட்டோ பிடித்து அன்சாரின் கடைக்குப் போனேன். உடைந்த கண்ணாடி ஒரு காரணம். அவரிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம் என்பது இன்னொன்று.

என்னைக் கண்டதும் அன்சார் பதறியது கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"மெடம்! நீங்க ஏன் இஞ்ச வந்த? சொல்லியிருந்தா நானே வீட்ட வந்து எடுத்திருப்பனே. தாங்க, பின்னேரம் கொண்டு வாறன். ஆட்டோவக் கூப்பிடவா?"

"பரவாயில்லை. கண்ணைச் சோதிச்சுட்டே போறேன்."

"டெஸ்ட் பண்றவர் இப்ப... உள்ள ஆக்கள் இரிக்காங்க."

"இருக்கட்டும், காத்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்பே ஒரு தம்பதி அங்கே இருந்தார்கள். முகம் தெரியவில்லை, இடைவெளி தெரிந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய இடத்தை நடுவில் விட்டு ஆளுக்கொரு கோடியில் இருந்தார்கள். இருபது வருடத் தொழில் அனுபவம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"உங்களுக்கும் கண் பிரச்சினையா?" என்று கேட்டேன்.

"ஓம், லேசாத் தலையிடி" என்றது ஆண் குரல், கரகரவென்று. பெண் ஒன்றும் சொல்லவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. எந்தக் கண் பரிசோதனை இவ்வளவு நேரம் எடுக்கும்? அன்சார் ஒரே ஃபிரேமைத் துடைக்கும் கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் உள்ளறைக் கதவு திறந்தது. ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். பெண் மூக்கை உறிஞ்சினாள். அன்சார் இருவர் கையிலும் ஆளுக்கொரு கண்ணாடிக்கூட்டைக் கொடுத்தார், வீதியில் பார்க்கிறவர்களுக்குக் காட்ட. என் பக்கமாகப் போகும்போது அந்தக் கூட்டுக்குள் ஒன்றும் கடகடக்கவில்லை, காலி.

உள்ளே இருந்து ஒரு குரல்: "அடுத்த ஆக்கள் வாங்க."

நபீலாவின் குரல்.

இதை எழுத நபீலாவே பிறகு அனுமதி தந்தார். அந்த அறையில் இப்போது கண் மட்டும்தான் சோதிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன், பெயர்களும் நானாக வைத்தவை.

அந்தத் தம்பதி உள்ளே போய்த் திரும்பி வந்து கிளம்பும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போனேன். சுவரில், எழுத்துகள் கீழே போகப் போகச் சிறியதாகும் அட்டை, கிட்டே போனபோது தெரிந்தது. அதற்குக் கீழே மூன்று நாற்காலிகள். மேசையில் கைக்குத் தட்டுப்பட்டது, பாதி தீர்ந்த கைக்குட்டைப் பெட்டி.

நபீலாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. குரலில் பயமும் கோபமும் இருந்தன. "ஏன் வந்த மெடம்?"

"கல்யாண வீடு எப்படி?" என்றேன். நானும் கோபமாகத்தான் இருந்தேன். "ரெண்டு நாளா என்னைச் சுத்தவிட்டீங்க. நீங்க வேலையே செய்யலைன்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சாலும் காரியமில்ல எண்டுதான் நானும் இருந்த. கண் பாக்கிறவர் காலையில மட்டும்தான் வருவார். மறுகா அறை சும்மா கிடக்கும். இவர்தான் சொன்ன, இஞ்ச கூட்டி வா எண்டு. நீங்க இத அங்க எழுதினா, படம் புடிச்சா, இந்தக் கதவுக்குள்ள மறுகா ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு விருதுக்கு விண்ணப்பம் போட்டீங்க?"

"விருதுக்கு ஆர் போட்ட? எனக்கு அந்த ஒரு வருசப் படிப்பு வேணும். நீங்க ரெண்டையும் ஒண்டாக் கட்டித்தானே தாறீங்க."

அவர் ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னப் பயிற்சிகள், ஹோட்டல் மண்டபங்களில், சான்றிதழோடு. ஒரு பெண் வந்திருக்கிறாள், கணவனோடு. அவன் கை நீட்டுகிறவன். உள்ளறையில் அழுதிருக்கிறான், சத்தியம் செய்திருக்கிறான். நபீலா நம்பியிருக்கிறார்.

"நான்தான் சேர்ந்து இரிங்க எண்டு சொன்ன. அவ என்ட முகத்தப் பாத்திட்டு ஓம் எண்டு போனா. மறுகா நான் அவவப் பாத்தது ஆஸ்பத்திரியில." அவர் நிறுத்தினார். "எப்ப சேத்து வைக்கிற, எப்ப வேணா எண்டு சொல்ற? ஆர்ட்ட போய்க் கேக்கிற நான்? இந்த ஊருல ஆர் இரிக்கி? இவரோட கதைக்கவும் ஏலா, அது ஆக்கள்ற ரகசியம். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு திறக்கக்குள்ள எனக்குப் பயமா இரிக்கி மெடம்."

எனக்கு அந்தப் பயம் தெரியும். எங்களுக்கு மேலே ஒருவர் இருந்தார், வாரா வாரம் போய்ச் சொல்லி அழ. அவருக்கு மேலே இன்னொருவர். இவருக்கு மேலே அந்த எழுத்து அட்டைதான்.

என் கோபம் எங்கோ போய்விட்டது. ஆனால் அமைதி வரவில்லை. இவருக்கு அந்தப் பயிற்சி கிடைத்தாக வேண்டும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கிடைக்க வழியில்லை என்பதும். அன்று மாலை கடற்கரையில், சுனாமிக்குப் பின் கட்டிய மாடி வீடுகளைத் தாண்டி, அன்சார் மாட்டிக்கொடுத்த தற்காலிகக் கண்ணாடியோடு, அலைக்கும் வள்ளங்களுக்கும் நடுவே மேலும் கீழும் நடந்தேன். குழுத் தலைவர் போன் செய்தபோது எடுக்கவில்லை.

*

கிளம்புவதற்கு முந்திய நாள் காலை. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கரகரத்த குரலில் ஸலாம் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார், பின்னால் அவர் மனைவி. குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன்: கடைப் பெஞ்சில் தலையிடி என்றவர். றமீஸ், ஸரீனா என்று வைத்துக்கொள்வோம். அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். வட்டையிலிருந்து நேரே வந்திருந்தார். காற்சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"மெடம், நேத்து நீங்க ஆர் எண்டு எனக்குத் தெரியா. மறுகாதான் கேள்விப்பட்ட, இந்தியாவுல இருந்து விருது குடுக்க வந்திரிக்கீங்க எண்டு. ஆக்கள் கதைக்க வேணுமாமே. நாங்க கதைக்கிறம். ரெக்கோட் பண்ணுங்க."

நபீலா கையில் இடியப்பத் துண்டோடு அப்படியே நின்றார்.

 தேடி அலைந்த குடும்பம் தானாக வந்து கதவைத் தட்டியிருக்கிறது. போனை எடுத்து மேசை மேல் நிறுத்தினேன். றமீஸ் உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"இவ இல்லாட்டி நான் இண்டைக்கும் உம்மாட வீட்டுல பாய் போட்டுத்தான் கிடந்திருப்பன். பொஞ்சாதிட வீட்டு வாசலால போகக்குள்ள மோட்டார் சைக்கிள் லைட்ட நூத்திட்டுப் போவன், காணப்படா எண்டு. அவ்வளவு கோவம். இப்ப எங்கட வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்குது மெடம். இத நான் சொல்லத்தான் வேணும். பேரையும் போடுங்க, முகத்தையும் காட்டுங்க, எனக்கொரு வெக்கமும் இல்ல. பட்டன அமத்துங்க."

என் விரல் போனை நோக்கிப் போனது.

"பொறுங்க" என்றார் நபீலா.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஸரீனாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவக்கும் ஓம்தான்" என்றார் றமீஸ்.

"நான் உங்களக் கேக்கல்ல."

குரலில் கடுமை இல்லை.  ஸரீனா ஷாலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ மீன்காரரோடு விலை பேசுவது சொல்லுக்குச் சொல் கேட்டது. நானாக இருந்தால் அந்த மௌனத்தில் ஏதாவது பேசியிருப்பேன். நபீலா பேசவில்லை.

"வாற வழியிலதான் எனக்கே சொன்னாரு" என்றாள் ஸரீனா கடைசியில். "பைக்குல வச்சி."

"இது நல்ல விசயம்தானே!" என்றார் றமீஸ்.

"நல்ல விசயம்தான். நல்ல விசயமெண்டாலும் என்னக் கேக்காமத்தானே செய்யிறீங்க." அவள் குரல் உயர்ந்தது. "நான் என்ட உம்மாக்கே சொல்லல்ல, நாங்க அங்க போனத. நீங்க ஊருக்கும் இந்தியாவுக்கும் சொல்லப் போறீங்க."

றமீஸின் முகம் வாடிவிட்டது. "நன்றி சொல்றதும் பிழையா இப்ப? நான் எதச் செஞ்சாலும் பிழைதான்." எழுந்துவிட்டார். கை மோட்டார் சைக்கிள் சாவிக்குப் போனது.

ஸரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய சண்டை இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அவர் சாவியை எடுப்பார், உம்மாவின் வீட்டுக்குப் போவார். நாங்கள் பரிசு கொடுக்க வந்து, நபீலா ஒட்டவைத்ததை உடைத்துவிட்டோம்.

"றமீஸ்" என்றார் நபீலா. "பைக்குல வரக்குள்ள நீங்க இவக்கிட்டச் சொன்ன. அப்ப இவ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல."

"உங்கட வீட்டுல இவ ஒண்டும் சொல்லாட்டி, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். மனைவியின் முதுகைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இல்ல எண்டுதான் அர்த்தம்" என்றார்.

ஸரீனா திரும்பவில்லை. ஆனால் அவள் தோள்கள் இறங்கின.

றமீஸ் மேசைக்கு வந்து, நிறுத்தி வைத்திருந்த என் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "உள்ள வைங்க மெடம்."

வைத்தேன். அப்போது நபீலாவைப் பார்த்தேன். அவருக்கு வேண்டிய ஒரு வருடம் என் கைப்பைக்குள் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுங்க என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் சும்மா இருந்திருந்தால் போதும். இடியப்பம் ஆறியிருந்தது. அவர் எழுந்து எல்லாருக்கும் தேநீர் போடப் போனார்.

தேநீர் குடிக்கும்போது ஸரீனா என்னிடம் கேட்டாள். "நாங்க கதைக்காட்டி இவவுக்குக் கிடைக்காதா?"

"தெரியலை" என்றேன். அதுதான் உண்மை.

அவள் யோசித்தாள். "நீங்க இப்ப பாத்தீங்கதானே. பேரப் போடாம, பாத்தத எழுத ஏலாதா?"

"நீங்க சரின்னு சொன்னா எழுதலாம்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்டும் சொல்லல்ல. அவவக் கேளுங்க" என்றார். ஸரீனா சிரித்துவிட்டாள். "எழுதுங்க" என்றாள்.

போகும்போது மோட்டார் சைக்கிள் வாசலில் கொஞ்ச நேரம் கிளம்பாமல் நின்றது. எந்த வழியாகப் போவது என்று இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

*

ஊர் திரும்பிய பிறகு குழுக் கூட்டம். நான் பார்த்ததை எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஒரு குடும்பம்தான் இருக்கு" என்றார் தலைவர். "அதுவும் யார்னு இல்லை. வீடியோ இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா?"

"நான் பார்த்தேன்னு சொல்லுங்க."

"யாரைப் பார்த்தீங்க?"

"சொல்ல மாட்டேன்."

குரல்கள் உயர்ந்தன. விதி விதிதான் என்றார் ஒருவர். இந்த வருடம் ஒருத்திக்காக மாற்றினால் அடுத்த வருடம் ஊருக்காக மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். நான் எழுந்து நடந்துகொண்டே பேசினேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அந்தத் தம்பதியை அவர் நம்மிடம் பேச வைத்திருந்தால், அதற்காகவே அவரைத் தள்ளியிருக்க வேண்டும் என்றேன். நாம் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை அவர் தன் நஷ்டத்தில் செய்திருக்கிறார் என்றேன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஓர் அம்மா, எங்களில் மூத்தவர், "ரெண்டையும் பிரிச்சுடுங்களேன்" என்றார். "படிப்பு தனி, விருது தனி. சேர்த்துத்தான் கொடுக்கணும்னு யார் சொன்னது? நாமதானே?"

அப்படித்தான் முடிந்தது. உதவித்தொகை நபீலாவுக்கு. விருது கடைசிச் சுற்றுக்கு வந்த இன்னொருவருக்கு. நல்ல ஆலோசகர்தான், நல்ல வீடியோவும் இருந்தது.

அன்றே நபீலாவுக்கு போன் செய்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அழுகிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அன்சார் போனை எடுத்து, சென்னையில் மழையா, தங்கும் இடத்தில் சமைக்கலாமா, இவ மாசி இல்லாமச் சாப்பிட மாட்டா, கொண்டு வரலாமா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு வருடம் தனியாக இருக்கப் போகிறவர் அவர். அதைப் பற்றிக் கேட்டேன். "நான் ஆர்ட்ட போய்க் கதைக்கிற? உளவளத்துணையாளர் ஊருல இல்லயே" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

நபீலா மறுபடி போனை வாங்கினார். தேதி, விசா, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் பேசி முடித்தோம். வைக்கப் போனேன்.

"மெடம்."

"சொல்லுங்க."

"அந்த விருது... ஆருக்குக் கிடைச்ச?"

சொன்னேன்.

"மேடையில வச்சிக் குடுப்பாங்களா?"

"ஆமா."

"சால்வை போர்த்துவாங்களா?"

"போர்த்துவாங்க."

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஃபிரேம் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது. 

"என்ன நிறம்?"

இத்தனை வருடம் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நினைவில்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"பச்சை" என்றேன். "கரையில கொஞ்சம் ஜரிகை."

"நல்ல நிறம்" என்றார்.